யார் செய்த நகை இது?

பாலக்காட்டுக் கணவாயிலிருந்து இடுக்கி எல்லை வரை மூங்கிலிலும் பொன்னிலும் மரத்திலும் அணிகலன் படைக்கும் கைகளின் கதை

ஆண்டுக்கு ஒரே ஒரு நாள், சித்திரா பௌர்ணமி அன்று மட்டும்தான் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குப் போக முடியும். கேரளத்தின் இடுக்கி மாவட்டமும் தமிழ்நாட்டின் தேனி மாவட்டமும் சந்திக்கும் மலைமுகட்டில், கடல் மட்டத்திலிருந்து 1,300 மீட்டருக்கும் மேலே, பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது அந்தப் பழைய கற்கோயில். குமுளியிலிருந்து ஜீப்பிலும், கூடலூர்ப் பக்கம் பளியன்குடியிலிருந்து கால்நடையாகவும் மக்கள் ஏறி வருகிறார்கள். இரண்டு மாவட்ட நிர்வாகங்களும் சேர்ந்துதான் விழாவுக்கு ஏற்பாடு செய்கின்றன.

ஒரு நகையை வைத்து நடந்த வழக்கில் வென்றவளின் கோயில் அது. அரசியின் சிலம்பும் கண்ணகியின் சிலம்பும் வெளிப்பார்வைக்கு ஒன்றாகவே தெரிந்தன. அரசியின் சிலம்புக்குள் இருந்தவை முத்துப் பரல்கள். கண்ணகியின் சிலம்புக்குள் இருந்தவை மாணிக்கப் பரல்கள். சபையில் உடைத்தபோது மாணிக்கம் தெறித்தது. பொற்கொல்லன் ஒருவன் பொய் சொன்னான். இன்னொரு பொற்கொல்லனின் கைவேலை உண்மையைச் சொல்லிவிட்டது. ஒவ்வொரு நகையும் ஒருவருக்கென்று, ஒருவர் கையால், உள்ளே போடும் பரல் வரை யோசித்துச் செய்யப்பட்ட காலம் என்பதால்தான் அப்படியொரு சாட்சியம் சாத்தியமானது. ஒரே அச்சில் ஆயிரம் சிலம்பு வார்த்திருந்தால் கண்ணகியிடம் காட்ட எதுவும் இருந்திருக்காது.

கைவினை நகையின் பெருமை இங்கேதான் இருக்கிறது. செய்தவர் யார், அணிந்தவர் யார், எந்த மண்ணில் பிறந்தது என்ற மூன்றையும் அது தன் உடம்பிலேயே சுமக்கிறது. கண்ணகி கோயில் நிற்கும் இந்த மலைத்தொடரிலும், அதற்கு வடக்கே பாலக்காடு வரையிலும், அப்படி நகை செய்யும் மரபுகள் மூன்று உண்டு. காட்டின் மூங்கில் சீப்பு, தட்டாரின் பொன் மாலை, கதகளி அரங்கின் மரக் கிரீடம். மூன்றையும் செய்தவர்கள் பெரும்பாலும் பெயர் தெரியாதவர்கள். அவர்களுடைய பின்னணியையும், அவர்களுக்குக் கற்பனை எங்கிருந்து ஊறியது என்பதையும் பார்ப்போம்.

மணிக்கற்கள் கடந்த வழி

மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி நிற்கிறது. காற்றுக்கும் மழைக்கும் மட்டுமின்றி மனிதர்களுக்கும் அது வாசல். கொங்கு நாட்டையும் சேர நாட்டுக் கடற்கரையையும் இணைத்த பழைய பெருவழி இதன் ஊடாகப் போனது. அந்த வழியில் பயணித்த சரக்குகளில் முக்கியமானது மணிக்கல்.

ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் இருக்கிறது கொடுமணல். 1985 முதல் எ.சுப்பராயலு, கா.ராஜன் முதலிய அறிஞர்கள் அங்கே நடத்திய அகழாய்வுகளில் மணிக்கல் பட்டறைகள் வெளிப்பட்டன. பச்சைக்கல், பளிங்கு, சூதுபவளம் ஆகியவை முடிந்த மணிகளாக மட்டும் கிடைக்கவில்லை. உடைத்த நிலையில், தேய்த்த நிலையில், துளையிடாத நிலையில் என்று வேலையின் எல்லாக் கட்டங்களிலும் கிடைத்தன. பச்சைக்கல் கிடைக்கும் படியூர் அருகிலேயே இருந்தது. பதிற்றுப்பத்து கொடுமணம் என்ற ஊரின் நல்ல அணிகலன்களைப் புகழ்கிறது. கணவாயைத் தாண்டி மேற்கே போனால், முசிறித் துறைமுகம் இருந்த இடமாகக் கருதப்படும் பட்டணம் என்ற ஊரில் 2007 முதல் நடந்த அகழாய்விலும் கல்மணிகளும் கண்ணாடி மணிகளும் ஏராளமாகக் கிடைத்தன. ரோமானிய நாணயங்கள் கோவை வட்டாரத்திலும் திருச்சூர்ப் பக்கத்திலும் புதையல்களாகக் கிடைத்திருப்பதும் இந்த வழியின் வளத்தைச் சொல்கிறது.

கொடுமணலில் மணிகளோடு வேறொன்றும் கிடைத்தது. பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் கீறிய ஆட்பெயர்கள். 2,000 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தொழிற்கூட ஊரில் புழங்கிய மனிதர்கள் தங்கள் பானையில் தங்கள் பெயரை எழுதி வைத்திருந்தார்கள். மணியில் பெயர் எழுத இடமில்லை. ரோமாபுரிப் பெண்ணின் கழுத்துக்குப் போன பச்சைக்கல்லைத் தேய்த்தவன் பெயர் அந்த ஓடுகளில் ஏதோ ஒன்றில் இருக்கக்கூடும்.

காடர்: மூங்கிலில் கீறிய மனசு

பாலக்காடு மாவட்டத்தின் பரம்பிக்குளம் கேரளத்துக்குச் சொந்தம். ஆனால் சாலை வழியாக அங்கே போக வேண்டுமென்றால் தமிழ்நாட்டுக்குள் வந்து, பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத்தான் போக வேண்டும். அரசாங்கங்கள் போட்ட எல்லைக்கு முன்பிருந்தே அங்கே வாழ்கிறவர்கள் காடர்கள். பரம்பிக்குளம், நெல்லியாம்பதி, சோலையாறு, வாழச்சால், தமிழ்நாட்டுப் பக்கம் ஆனைமலை என்று ஒரே காட்டின் பல பகுதிகளில் அவர்களின் குடியிருப்புகள் இருக்கின்றன. பேச்சு தமிழுக்கும் மலையாளத்துக்கும் நெருக்கமானது. தேனும் கிழங்கும் குங்கிலியமும் சேகரித்து வாழ்ந்தவர்கள். தேக்குத் தோட்டங்களும் அணைகளும் அவர்களுடைய காட்டைத் துண்டு துண்டாக்கின.

இவர்களின் நகை, மூங்கில் சீப்பு.

காடர் பெண் கொண்டையின் பின்புறத்தில் செருகிக்கொண்ட சீப்பு அது. கடையில் வாங்கியதோ, அம்மா தந்ததோ கிடையாது. அவளை மணக்க விரும்பிய இளைஞன் தன் கையால் செய்து தர வேண்டும் என்பது வழக்கமாக இருந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், க.ரங்காச்சாரியுடன் சேர்ந்து 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய ஏழு தொகுதி நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். யாருடைய சீப்பு அழகு என்பதில் இளைஞர்களுக்குள் போட்டியே இருந்ததாக எழுதுகிறார்.

அந்த வேலையைக் கொஞ்சம் கூர்ந்து பார்ப்போம். மூங்கிலின் நார் நீளவாக்கில் மட்டுமே ஓடும். பற்களை அந்த நார் போகும் போக்கிலேயே இறக்க வேண்டும். குறுக்கே வெட்டினால் முதல் இழுப்பிலேயே பல் ஒடியும். ஆணி கிடையாது, பசை கிடையாது. ஒரே துண்டு மூங்கில், ஒரே கத்தி. பற்களுக்கு மேலே அகலமாக நிற்கும் பட்டைதான் ஓவியப் பலகை. மூங்கிலின் தோல்பக்கம் வழவழப்பானது. கத்திமுனை கீறிய கோடு மட்டும் நிறம் மாறித் தனித்துத் தெரியும். அந்தப் பலகையில் வளைவுகளும் முக்கோணங்களும் பின்னல் கோடுகளும் வரிசை வரிசையாக வரும். தவறாகக் கீறிய கோட்டை அழிக்க முடியாது. ஒரு கோடு பிசகினால் புது மூங்கில் துண்டிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான். இத்தனையும் சந்தையில் விற்பதற்காக இல்லை. ஒருத்தி பார்த்துச் சரி என்று சொல்வதற்காக.

தர்ஸ்டன் இந்தச் சீப்பைக் கண்டதும் கடல் கடந்து யோசித்தார். மலேயத் தீபகற்பத்துச் செமாங் பழங்குடிப் பெண்களும் இதேபோல் கோலம் கீறிய மூங்கில் சீப்பு அணிந்தார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து, இரு மக்களுக்கும் இனத் தொடர்பு உண்டா என்று கேட்டார். மண்டையோட்டை அளந்து மனிதரை வகைப்படுத்திய காலம் அது. சீப்பு அவருக்கு இனத்தின் சான்றாகத் தெரிந்தது. அதைச் செய்த இளைஞன் எந்தக் கோட்டை எதைப் பார்த்துக் கற்றான், யாரிடம் கற்றான் என்று கேட்டுப் பெயரோடு எழுதி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. பாலக்காடு லட்சுமிநாராயணபுரத்தில் 1861-ல் பிறந்து, கொச்சி சமஸ்தானத்தின் குலங்களைப் பற்றி இரண்டு தொகுதிகள் எழுதிய எல்.கே.அனந்தகிருஷ்ண ஐயரும், சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து 1952-ல் காடர் பற்றித் தனி நூல் தந்த எஹ்ரன்ஃபெல்ஸும் நமக்கு விட்டுச் சென்ற விவரங்கள் விலைமதிப்பற்றவை. ஆனால் காடர் கலைஞர் என்று ஒரு தனி மனிதரை நாம் இன்றும் பெயர் சொல்லி நினைப்பதில்லை.

இந்தக் கலைஞனுக்குக் கற்பனை எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குச் சீப்பே பதில் சொல்கிறது. அவனுக்கு ஒரு பெண் மனத்தில் இருக்கிறாள். அவளுடைய தலைமுடியின் அடர்த்தி தெரியும். எந்த மூங்கில் எப்போது முற்றும் என்று தெரியும். காதலும் காடும் சேர்ந்து கொடுத்த பயிற்சி அது.

முதுவர்: முடிமேல் நிற்கும் திருமணம்

ஆனைமலையிலிருந்து சமவெளிக்கு இறங்காமல் மலைமேலேயே தெற்கே நடந்தால் இடுக்கி வரும். அங்கே முதுவர்கள். மதுரையை விட்டு வந்தவர்கள் தாங்கள் என்பது அவர்களின் குலக்கதை. தமிழோடு மிக நெருங்கிய பேச்சு இன்றும் அவர்களுடையது. கேரளத்தின் முதல் பழங்குடிக் கிராம ஊராட்சியாக 2010-ல் அமைந்த இடமலைக்குடி அவர்களின் ஊர்தான். முதுவப் பெண்கள் சேலையைத் தோளில் முடிந்து, முதுகுப்புறம் குழந்தையைச் சுமக்கும் வகையில் கட்டுவார்கள். அந்த உடையோடு பொருந்திய நகைகள் மணிமாலையும் வளையலும் சீப்பும்.

முதுவர் திருமணத்தில் மாப்பிள்ளை தரும் பொருள்களில் சீப்பு கட்டாயம் என்பதும், மணமான பெண் அதை எப்போதும் பின்தலையில் செருகியிருப்பாள் என்பதும் தர்ஸ்டன் தொகுப்பிலேயே உண்டு. சமவெளியில் தாலிக்கு இருக்கும் இடம் அங்கே சீப்புக்கு. சிரியன் கிறிஸ்தவர்களின் மின்னு என்ற தாலியும் இதற்குத் தூரத்து உறவு. இலை வடிவத்தில் ஒரு சிறு பொன் துண்டு, அதன்மேல் பொன்மணிகளால் ஒரு சிலுவை. மணப்பெண்ணுக்குத் தரும் மந்திரகோடிப் புடவையிலிருந்து ஏழு நூல் உருவித் திரித்துத்தான் அதைக் கோத்துக் கட்டுவார்கள். பொன்னின் எடை அங்கே பெரிதில்லை. நூல் எங்கிருந்து வந்தது என்பதுதான் பெரிது.

மூங்கிலில் பழகிய இந்த மலைவாசிகளின் கைக்கு அண்மையில் ஒரு நல்ல செய்தி வந்தது. இடுக்கி முதல் பாலக்காடு வரையிலான பழங்குடிகள் நெய்யும் கண்ணாடிப்பாய்க்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாணல் மூங்கிலின் உள்பட்டையை மெல்லிசாகச் சீவி நெய்யும் பாய் அது. ஒளி படும்போது கோலங்கள் கண்ணாடிபோல் மின்னும். மடித்துச் சுருட்டினால் ஒரு மூங்கில் குழாய்க்குள் அடங்கிவிடும் அளவுக்கு மென்மை. சீப்பில் கீறும் கண்ணும் பாயில் பின்னும் கண்ணும் ஒரே மூங்கில் காட்டில் பழகியவை.

அணிகலன் சுமையாக இருந்த காலம்

நகை அடையாளம் என்று சொல்லும்போது, அந்த அடையாளத்தை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்றும் கேட்டாக வேண்டும். இடுக்கி மலைகளும் அடங்கிய அன்றைய திருவிதாங்கூரில் புலையர் பெண்கள் கழுத்தில் கல்மாலைதான் அணிய வேண்டும். பொன்னோ வெள்ளியோ அவர்களுக்குத் தடை. அந்தக் கல்மாலை அலங்காரமாக இல்லை, சாதி முத்திரையாக இருந்தது. 1915-ல் கொல்லம் பெரிநாட்டில் வெடித்த போராட்டத்தைத் தொடர்ந்து, அய்யங்காளியின் அழைப்பை ஏற்று அந்தப் பெண்கள் பெருங்கூட்டத்தின் நடுவே கல்மாலைகளை அறுத்து எறிந்தார்கள்.

காடர் பெண்ணின் சீப்பையும் புலையர் பெண்ணின் கல்மாலையையும் அருகருகே வைத்தால் வேறுபாடு துலங்கும். இரண்டுமே விலை குறைந்த பொருளில் ஆனவை. ஒன்று மனம் உவந்து ஏற்றது, மற்றது மேலே சுமத்தியது. பொருளின் மதிப்பைப் பொருள் தீர்மானிப்பதில்லை. தருகிறவருக்கும் அணிகிறவருக்கும் இடையிலான உறவு தீர்மானிக்கிறது.

பொன்னில் துளிர்த்த இலை

பாலக்காட்டுச் சமவெளியில் நகைக்கலைஞர் தட்டார். அவர் பட்டறைக்குள் குமுட்டியும் ஊதுகுழலும் கம்பியச்சும் வெங்காரமும் இருக்கும். ஒரு காலத்தில் தராசில் குன்றிமணியும் இருந்தது. அவருடைய கற்பனைக்கு உரம் வெளியே தோட்டத்தில்.

கேரளத்தின் பழைய நகைகளை வரிசையாகச் சொன்னால் ஒரு வீட்டுக் கொல்லையைச் சுற்றி வந்த மாதிரி இருக்கும். முல்லைமொட்டு மாலையில் விரியாத முல்லை. மாங்காய் மாலையில் மாம்பிஞ்சு. ஏலக்காய்த் தாலியில் மலையின் ஏலம். பூத்தாலியில் இதழ்கள். நாகபடத் தாலியில் சர்ப்பக்காவில் குடியிருக்கும் நாகத்தின் படம். இவற்றில் கண்ணைப் பறிப்பது பாலக்கா மாலை. இலை வடிவில், நீர்த்துளி வடிவில் பச்சைக் கற்களை அடுத்தடுத்துத் தொங்கவிட்ட மாலை. அடைமழை ஓய்ந்த மறுநாள் காலையின் பச்சை அது.

அந்தப் பச்சைக்குப் பின்னால் நுணுக்கமான வேலை இருக்கிறது. பழைய முறையில் கல்லின் பின்புறம் மூடியே இருக்கும். மெல்லிய பொன் தகட்டை அச்சில் வைத்து அடித்து, இலை வடிவக் கூடு செய்வார்கள். கூட்டின் உள்ளே அரக்கு. அதன்மேல் மினுங்கும் தாள்தகடு. அதற்கும் மேலே, முகம் பட்டை தீட்டாமல் உருண்டையாகத் தேய்த்த கல். பிறகு பொன் விளிம்பை ஊசி முனை உளியால் கல்லின்மேல் மெல்ல மெல்லத் தள்ளிப் படிய வைப்பார்கள். அழுத்தம் கூடினால் கல் விரியும். குறைந்தால் கல் உதிரும். உள்ளே போகும் ஒளி தாள்தகட்டில் பட்டுத் திரும்பி வருவதால்தான் அந்தக் கல் உள்ளிருந்து ஒளிர்கிறது. அந்தத் தகட்டின் சாயலை ஒவ்வொரு கல்லுக்கும் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர் தட்டார். வெளியே தெரியாத இடத்தில் அவர் வைக்கும் கவனம்தான் வெளியே தெரியும் அழகு.

இந்தப் பட்டறைகளுக்குப் பெரிய அடி 1963-ல் விழுந்தது. அந்நியச் செலாவணியைக் காக்க வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள், 14 காரட்டுக்கு மேற்பட்ட தங்கத்தில் புது நகை செய்யத் தடை போட்டன. நாடெங்கும் பொற்கொல்லர் குடும்பங்கள் வேலை இழந்தன. பலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். 1968-ல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990-ல்தான் நீக்கப்பட்டது. அதற்குள் ஒரு தலைமுறை வேறு வேலைக்குப் போய்விட்டது. அதன் பிறகு எழுந்தவை அடுக்குமாடி நகைக்கடைகள். வீட்டுக்காரருக்குத் தெரிந்த தட்டார், வீட்டுப் பெண்ணின் கழுத்தளவு தெரிந்த தட்டார் என்ற உறவு பல ஊர்களில் அத்தோடு அறுந்தது.

வெள்ளிநேழி: ஒரு இரவுக்கான கிரீடம்

பாலக்காடு மாவட்டத்திலேயே, செர்ப்புளசேரிக்கு அருகே, அந்த உறவு இன்னும் உயிரோடு இருக்கும் ஊர் ஒன்று உண்டு. வெள்ளிநேழி. கதகளியின் கல்லுவழி மரபு வளர்ந்த மண். ஒளப்பமண்ண மனை கதகளிக்குப் புரவலராக நின்று, பட்டிக்காம்தொடி ராவுண்ணி மேனன் சொல்லிக் கொடுத்த ஊர். கலாமண்டலம் ராமன்குட்டி நாயர் பிறந்த ஊர். நடிகர்களுக்கு இணையாக இந்த ஊர் போற்ற வேண்டியவர்கள் கோப்புப் பணிக்காரர்கள். கோப்பு என்பது கதகளி நடிகர் அணியும் அணிகலன்களின் மொத்தத் தொகுதி.

கிரீடம், தோடை, செவிப்பூ, கழுத்தாரம், தோள்பூட்டு, அஸ்தகடகம், படியரைஞாண் என்று நீளும் அந்தத் தொகுதிக்கு அடிப்படை குமிழ் மரம். அதைத் தேர்ந்ததற்குக் காரணம் எடை. விடிய விடிய ஆடும் நடிகரின் தலையில் கனமான மரம் ஏறினால் கழுத்து தாங்காது. குமிழ் லேசானது, உளிக்கு வளைந்து கொடுப்பது, வெடிக்காதது. கடைந்து செதுக்கிய மரத்தின்மேல் பொன் தாள், கண்ணாடிச் சில்லு, வண்ணக் கல், மயில்பீலியின் தண்டு என்று ஒவ்வொன்றாக ஏறும். எண்ணெய் விளக்கின் அசையும் சுடரில் மின்ன வேண்டும் என்பதை மனத்தில் வைத்தே கண்ணாடிச் சில்லுகளின் சாய்வு தீர்மானமாகும்.

இங்கே கலைஞருக்குத் தூண்டுதல் பாத்திரம். பச்சை வேடத்து நாயகனுக்கு ஒரு கிரீடம், கிருஷ்ணனுக்கு மயில்பீலி வைத்த முடி, அனுமனுக்கு வட்டமுடி. புராணக் கதையும் ஆட்டத்தின் அசைவும் தெரியாத ஒருவரால் கோப்பு செய்யவே முடியாது. எந்த அடவில் தலை எவ்வளவு வேகமாகத் திரும்பும் என்பது கிரீடம் செய்பவரின் கணக்கிலும் இருக்கிறது. செய்தவரும் அணிபவரும் ஒரே அரங்கின் இரு பக்கங்களில் வாழ்வதால், கோப்பில் கோளாறு என்றால் யாரைக் கேட்பது, நன்றாக இருந்தால் யாரைப் பாராட்டுவது என்று இருவருக்கும் தெரியும்.

செய்கூலிக்கு ஒரு பெயர் வேண்டும்

இன்றைக்குத் தங்க நகை வாங்கினால் அதில் ஆறு இலக்கக் குறியீடு ஒன்று பொறித்திருக்கும். 2023 ஏப்ரல் 1 முதல் அது கட்டாயம். அதோடு இந்தியத் தரநிர்ணய அமைப்பின் முத்திரையும் தூய்மையின் அளவும் இருக்கும். அந்தக் குறியீட்டை வைத்து விற்ற கடையையும் சோதித்த மையத்தையும் அறிந்துவிடலாம். வாங்குகிறவருக்கு இது பெரிய பாதுகாப்பு, வரவேற்க வேண்டிய ஏற்பாடு. செய்த கையின் பெயருக்கு மட்டும் அதில் இடமில்லை. ஒவ்வொரு நகைக்கும் தனி எண் கொடுக்கத் தெரிந்த நாட்டுக்கு, அதோடு ஒரு பெயரைச் சேர்ப்பது முடியாத காரியம் இல்லை.

புவிசார் குறியீட்டுச் சட்டத்தில் அதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. 1999-ல் நிறைவேறிய அந்தச் சட்டம், குறியீடு பெற்ற பொருளைச் செய்பவர்களை அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்களாகப் பதிவு செய்ய இடம் தருகிறது. நாகர்கோவில் கோயில் நகைகளுக்குக் குறியீடு இருக்கிறது. கண்ணாடிப்பாய்க்கும் வந்துவிட்டது. கூட்டுறவுச் சங்கத்தின் பெயரோடு நின்றுவிடாமல், நெய்கிற ஒவ்வொரு பெண்ணின் பெயரும் அந்தப் பதிவேட்டில் ஏற வேண்டும். மூங்கில் சீப்புக்கும் பாலக்கா மாலைக்கும் கதகளிக் கோப்புக்கும் அதே அக்கறை வேண்டும்.

காட்டுக்கும் வேண்டும். 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வனப்பொருளாக ஏற்று, அதைச் சேகரிக்கும் உரிமையைப் பழங்குடிகளுக்குத் தந்திருக்கிறது. வாழச்சால் பகுதிக் காடர் குடியிருப்புகள் 2014-ல் சமூக வன உரிமை பெற்றன. பிற குடியிருப்புகளுக்கும் அந்த உரிமை தாளிலிருந்து தரைக்கு வந்தால்தான், பிளாஸ்டிக் சீப்பு ஒதுக்கி வைத்த மூங்கில் சீப்பைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப் பெரியவர்களுக்கு மனம் வரும்.

வாங்குகிற நமக்கும் இதில் பங்கு உண்டு. ‘செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை’ என்ற விளம்பரத்தைக் கேட்டுக் கேட்டு, செய்கூலி என்பதே கடைக்காரர் நம்மிடமிருந்து பறிக்கும் பணம் என்று நினைக்கப் பழகிவிட்டோம். ஒரு மனிதர் கண் வலிக்க உட்கார்ந்து செய்த வேலைக்கான கூலியை இல்லை என்று சொல்வதில் பெருமை எதுவும் இல்லை. எந்த நகைக்கும் செய்கூலி உண்டு. வெளியே தெரியாமல் வேறு கணக்கில் மறைந்திருக்கும், அல்லது செய்தவரின் வயிற்றில் அடித்து மிச்சம் பிடித்திருக்கும்.

பொன்னின் விலையை உலகச் சந்தை தீர்மானிக்கிறது. அதில் நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. செய்கூலியைத் தீர்மானிப்பவர்கள் நாம். பரம்பிக்குளத்திலும் வெள்ளிநேழியிலும் பாலக்காட்டுப் பட்டறைகளிலும் அடுத்த தலைமுறை கத்தியையும் உளியையும் கையில் எடுக்குமா என்பது, அந்தக் கூலியை நாம் முகம் சுளிக்காமல் கொடுப்பதிலும், செய்தவரின் பெயரைக் கேட்டு அறிவதிலும்தான் இருக்கிறது.